விலை?

தெல்கெர்மாவின் கடை ஒரு கண்டெய்னர்.
கப்பலில் வந்து, ரயிலில் வந்து,
இனி எங்கும் நகரமாட்டேன் என்று
உலான்பாத்தர் சந்தையில் உட்கார்ந்துவிட்ட இரும்பு.
மைனஸ் முப்பதில் அதன் பூட்டுக்கு
வெந்நீர் ஊற்றக் கூடாது, அதுவும் உறைந்துவிடும்.
ஊதி ஊதித்தான் திறக்க வேண்டும்.

பேஸ்புக் வந்தபோது
முதல் படத்தை எடுத்தவன் நான், அவள் டெலிவரிக்காரன்.
ஒரு ஜோடி கம்பளி பூட்ஸ், என் ப்ரியஸின் பானட்டில்.
பூட்ஸைவிடத் தெளிவாக விழுந்திருந்தது
கார்க் கண்ணாடியின் விரிசல்.
ஐந்து லைக். மூன்று அவள் தங்கைகள்,
ஒன்று நான்.
ஐந்தாவது ஆள் கீழே எழுதியிருந்தார்:
"விலை?"
பெயர் நொமுந்தாரி.
முகம் இருக்க வேண்டிய வட்டத்தில்
ஒரு குதிரையின் பின்புறம்.

விலை சொன்னாள்.
"நன்றி" என்றது குதிரை.
வாங்கவில்லை.

பக்கம் ஆயிரமாகி, நாற்பதாயிரமாகி,
ஒரு காலையில் நாற்பதாயிரம் பேரும்
சொல்லாமல் ஊரைக் காலி செய்ததுபோல் ஆனது.
பதிவைப் பார்த்தவர்கள் பன்னிரண்டு பேர்.
காசு கட்டினால் காட்டுகிறோம் என்றார்கள்.
தன்னிடம் வாங்கியவர்களிடம் தானே பேச
கண்டெய்னருக்குக் கட்டுவதைவிட
அதிக வாடகை கட்டினாள்.

அப்புறம் லைவ்.
குளிரில் பேட்டரி செத்துவிடும்.
போனை அக்குளில் வைத்துச் சூடேற்றி
எடுத்து, இரண்டு நிமிடம் பேசி, மறுபடி அக்குளுக்குள்.
பார்ப்பவர்களுக்கு அப்போது
இருட்டும் இதயத் துடிப்பும்.
அதற்கும் இதயக் குறி போட்டார்கள்.
பக்கத்துக் கடை பட்சைகான் பாடிப் பாடி விற்றான்.
இவளுக்குப் பாட்டு வராது.
பூட்ஸுக்குள் கையை விட்டு
அடிப்பாகத்தைத் தட்டிக் காட்டுவாள்,
கதவு தட்டுகிறவள்போல.

ஆறு வருஷம், ஒவ்வொரு லைவிலும்
குதிரை வந்து நின்றது.
ஆண்கள் பூட்ஸா, "விலை?"
கைக்குழந்தை பூட்ஸா, "விலை?"
ஒருநாள் தெல்கெர்மா தும்மினாள்.
அதற்கும்.

போன நவம்பரில் ஒரு வரி எழுதினாள்:
"அசல் செம்மறி, உயிரோடிருக்கும் வெதுவெதுப்பு."
எங்கோ ஓர் இயந்திரம் அதை வாசித்தது.
உயிருள்ள விலங்கு விற்பனை விதிமீறல் என்று
பக்கத்தை மூடியது.
முறையிட்டாள். பதினெட்டு நொடியில் பதில்:
தங்கள் விண்ணப்பத்தைக் கவனமாகப் பரிசீலித்தோம்.
"பூட்ஸ் எங்கேயாவது கத்துமா?" என்றாள் என்னிடம்.
நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.
அவளிடம் ஒரு நம்பர்கூட இல்லை.
நாற்பதாயிரம் பேரும் அவர்களுடைய ஆட்களாம்.

என் போனில் கொஞ்சம் இருந்தது.
பெயர் இல்லை, வாசல்கள்:
நீலக் கதவு, மணி அடிக்காது.
மூன்றாம் மாடி, நாய், நல்ல நாய்.
கீழே நின்று கூப்பிடு, மாமியாருக்குத் தெரியக் கூடாது.
முந்நூற்றுப் பன்னிரண்டு வாசல்.
ஒவ்வொன்றாகப் போன் போட்டோம்.
சிலர் வாங்கினார்கள், சிலர் யார் என்றார்கள்.

டிசம்பரில், இருட்டும் நேரம்,
மூன்று பஸ் மாறி ஒரு பெண் வந்தாள்.
நரைக்கத் தொடங்கிய புருவத்தில் பனி.
அனல்மின் நிலையத்தில் இரவுக் காவலாம்.
"நீங்கள் செத்துப்போய்விட்டீர்களோ என்று பயந்துவிட்டேன்.
ராத்திரி முழுக்க அந்தக் குழாய்கள்தான் உறுமும்.
நீங்கள்தான் பேசுவீர்கள்."

ஒரு பூட்ஸை எடுத்தாள்.
உள்ளே கைவிட்டு அடிப்பாகத்தைத் தட்டினாள்,
லைவில் பார்த்த மாதிரியே.
பிறகு, கொஞ்சம் கூச்சத்தோடு,
"விலை?"

தெல்கெர்மா சொன்னாள்.
நொமுந்தாரி நன்றி சொன்னாள்.
பிளாஸ்க்கில் இருந்த உப்புத் தேநீரை
இருவரும் ஒரே மூடியில் மாற்றி மாற்றிக் குடித்தார்கள்.

பஸ் நிறுத்தத்துக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன்.
இறங்கும்போது, நான் கேட்காமலே சொன்னாள்:
மலைச்சரிவில் கடைசி வரிசை,
பச்சை வேலி, வாசலில் உடைந்த சலவை இயந்திரம்.

முந்நூற்றுப் பதின்மூன்று என்று
குறித்துக்கொண்டேன்.
எதற்கு என்று அவளும் சொல்லவில்லை.